பொழுதுபோக்குப் பகுதி: 106ஆம் எண் அட்டை

தொகுப்பைத் தொடங்குதல் எளிது. குறையின்றி முடித்தலே அரிது. பழைய விளையாட்டு வீரர் பட அட்டைகளைச் சேர்க்கும் அன்பர்கள் இதனை நன்கறிவர்.

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கௌடி நிறுவனம், ஒரு சென்ட் விலையுள்ள சூயிங்கம் பொட்டலந்தோறும் பேஸ்பால் வீரர் ஒருவரின் வண்ணப் படத்தை வைத்து விற்றது. வரிசை எண்கள் 240 வரை சென்றன. புகழ்பெற்ற பேப் ரூத்தின் படம் நான்கு எண்களில் வெளிவந்தது. ஆயினும், எத்தனை பொட்டலம் பிரித்தும் 106ஆம் எண் மட்டும் எவர்க்கும் கிட்டவில்லை. எங்ஙனம் கிட்டும்? அந்நிறுவனம் அதனை அச்சிடவே இல்லையே!

சேகரிப்போர் வாளா இருந்தாரல்லர். கடிதம் எழுதிக் கேட்டனர். 1934ஆம் ஆண்டில் நாப் லாஜ்வே என்னும் பழம்பெரும் வீரரின் படத்துடன் அவ்வட்டை அச்சாகி, கேட்டவர்களுக்கு அஞ்சலில் சென்றது. இன்று மிக அரிய அட்டைகளுள் அதுவும் ஒன்று.

இதனால் அறியத்தக்கது யாது? ஆசை மட்டும் தொகுப்பை முடிக்காது. இல்லாத எண்களின் பட்டியலே முடிக்கும். பட்டியல் உடையவன் கண்டதையெல்லாம் வாங்கான்; இரட்டையாக உள்ளதைக் கொடுத்து இல்லாததைப் பெறுவான்; திங்கள்தோறும் இவ்வளவே செலவு என வரையறுத்து, ஆண்டுகள் பல ஆயினும் காத்திருப்பான்.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் நம் இல்லங்களில், மூட்டை கட்டும் நாளில் முதலில் கழிக்கப்படுவது பிள்ளைகளின் சேகரிப்பே. அஞ்சல்தலையாயினும் தீப்பெட்டிப் படமாயினும், அதனை வீண்சுமை எனத் தள்ளிவிடாதீர்கள். பெட்டியுள் பட்டியலையும் சேர்த்து வைத்துக் கட்டுங்கள். புது ஊரிலும் தேடல் தொடரட்டும்.