'நாம்' வேற, 'நாங்கள்' வேற: மொழியியலை நோட்டீஸ் எழுதியும் கத்துக்கலாம்!

மொழிபெயர்ப்பு படிக்கும் பலருக்கு மொழியியல் என்றாலே அலர்ஜி. ஒலியன், உருபன் என வரையறைகளை மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இதற்கு நல்ல மாற்று, செயல்திட்ட வழிக் கற்றல். அதாவது, ஒரு நிஜமான வேலையைச் செய்துகொண்டே அதற்குத் தேவையான பாடத்தைக் கற்பது.

புதுசா இது?

இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918-லேயே 'புராஜெக்ட் மெத்தட்' பற்றி எழுதினார். நிஜமான மொழிபெயர்ப்புப் பணிகளையே வகுப்பாக்க வேண்டும் என்று ஜெர்மனியில் கற்பித்த டான் கிராலி 2000-ல் வெளியான தன் நூலில் வாதிட்டார்.

தருமபுரியில் எப்படிச் செய்யலாம்?

இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்கே பழைய பிரச்சினை. அதைப் பற்றிய ஆங்கில விழிப்புணர்வு நோட்டீஸை மூன்று மொழிகளிலும் தயாரிக்கச் சொல்லலாம்.

'வீ வில் டெஸ்ட் த வாட்டர்' என்று ஒரு வரி வருகிறது. தமிழில் 'நாங்கள் பரிசோதிப்போம்' என்றால் அது அதிகாரிகளின் வேலை. 'நாம்' என்றால் ஊர்மக்களுக்கும் அதில் பங்கு உண்டு. தெலுங்கிலும் 'மேமு', 'மனமு' என இரண்டு சொற்கள். இன்றைய கன்னடத்தில் 'நாவு' மட்டும்தான். தன்மைப் பன்மை பாடம் இங்கே தானாகப் புரிந்துவிடும்.

'பாதுகாப்பான நீர்' என்பதைப் பழக்கத்தில் 'காய்ச்சிய நீர்' என எழுதினால் ஆபத்து. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். சூழலைப் பொறுத்தே பொருள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஒகேனக்கல் குடிநீர் பற்றியும் நோட்டீஸில் எழுத வேண்டியிருக்கும். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. பால் அங்கே ஹாலு, பத்து, ஹத்து. பழைய 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆன கதையை ஊர்ப்பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.

மார்க் எப்படிப் போடுவது?

'ஒருத்தர் செய்வாங்க, நாலு பேர் மார்க் வாங்குவாங்க' என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. அதனால் குழுவின் நோட்டீஸுக்குப் பாதி மதிப்பெண் மட்டும் போதும். மீதி, ஒவ்வொருவரும் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்று தனியாக எழுதும் ஒரு பக்க விளக்கத்துக்கு. தகவலை மருத்துவர் ஒருவர் சரிபார்த்த பிறகு, ஊர்மக்களிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்றும் கேட்க வேண்டும்.

அடிப்படைப் பாடங்களே வேண்டாம் என்பதல்ல வாதம். அவை வேலையோடு சேர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்புச் செயலி ஒரு நொடியில் ஒரு வரியைத் தந்துவிடும். அது 'நாம்' ஆ, 'நாங்கள்' ஆ என்று நிறுத்திக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் நாளைக்கு வேலை இருக்கும்.