வேகன் நின்றால் காசு, நாம் நின்றால்?

சூரமங்கலத்து லோடுமேன் தோழர்களே!

நேற்று விடிகாலை 4 மணிக்குச் சத்திரம் கூட்ஸ் செட்டுக்குப் போய் 10 மணி வரை குந்தியிருந்தோம். சரக்கு ரேக் வரவில்லை. சும்மாட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பினோம். அந்த ஆறு மணி நேரத்தை யார் கணக்கில் எழுதினார்கள்?

வேகனுக்கு எழுதுகிறார்கள், தோழர்களே. இறக்குவதற்குக் கொடுத்த நேரம் தாண்டினால், ஒரு வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று ரயில்வே டெமரேஜ் கட்டணம் போடுகிறது. நாம் காத்துக் கிடந்தால் ஒரு டீக்காசுகூட இல்லை.

நம் கழுத்தில் ஏறும் யூரியா தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி வருவது. கப்பல் வரும் துறைமுகங்களிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி, மேஸ்திரி கைகாட்டியவனுக்கே வேலை. சும்மா இருந்து மாறவில்லை. சங்கம் கட்டிப் போராடினார்கள். 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. பெயர்ப் பதிவேடு, முறை வைத்து வேலை, கப்பல் இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் படி! மகாராஷ்டிரத்தில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் 1969-இல் தங்களுக்கென்றே சட்டம் வாங்கினார்கள். நமக்கும் 1982-இல் ஒரு சட்டம் வந்தது, பிறகு நலவாரிய அட்டையும் வந்தது. ரேக் வராத நாளுக்குக் கூலி மட்டும் வரவில்லை.

போன மாதம் நம் கூட்டாளி விழுந்ததைப் பார்த்தீர்கள். வேகனுக்கும் லாரிக்கும் நடுவே போட்ட பலகை, அதில் சிமென்ட் தூசி, தூசி மேல் பனி. கழுத்தில் 50 கிலோ சிப்பத்தோடு கால் வழுக்கியது. ஒப்பந்தக்காரர் 500 ரூபாயைக் கையில் திணித்தார். மறுநாளே நோட்டில் நம் கூட்டாளியின் பெயரை அடித்துவிட்டார். அவர் இடத்தில் நாளை நீங்கள், நாளன்றைக்கு நான்.

ஒரு ரேக்கில் ஏறத்தாழ 2,600 டன். 50 கிலோ சிப்பமாக எண்ணினால் 52,000. இதில் ஒன்றாவது நம் தோள் படாமல் இறங்குமா? ரேக் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் சரக்குக்காரர்களுக்குக் காசு எரியும். நம் கையில் இருக்கும் பலம் அதுதான்.

மூன்றே கோரிக்கை: எல்லோர் பெயரும் ஒரே பதிவேட்டில், ரேக் இல்லாத நாளுக்குப் படி, அடிபட்டால் முழு வைத்தியச் செலவும் குணமாகும் வரை அரைக் கூலியும். எழுத்தில் கையெழுத்து வரும் வரை கொக்கியைத் தொடக்கூடாது.

ரேக்கை நாமக்கல்லுக்குத் திருப்பிவிடுவோம் என்று மிரட்டுவார்கள். அங்கே மக்காச்சோளம் இறக்கும் தோழர்களும் நம்மைப் போலத்தான் காத்துக் கிடக்கிறார்கள். 1889-இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் பசியால் துவண்டபோது, கடல்தாண்டி ஆஸ்திரேலியாவிலிருந்து பணம் வந்தது; மணிக்கு ஆறு பென்ஸ் கூலியை வென்றார்கள். நாமக்கல் நமக்கு ஒரு பஸ் தூரம். இன்று இரவே இருவர் போய்ப் பேச வேண்டும். யார் வருகிறீர்கள்?

ஞாயிறு காலை 8 மணி, செட் வாசல் வேப்பமரத்தடி. வாரிய அட்டையைக் கொண்டுவாருங்கள். அட்டை இல்லாதவரும் கட்டாயம் வாருங்கள், முதல் வரியில் உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறோம்.