மூச்சும் கடைமடையும்

நம் தெருவில் பட்டு நெய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷங்களுக்கு முன் அவருக்கு க்ஷயரோகம் கண்டது. ஆறு மாதம் ஒரு வேளையும் தவறாமல் மருந்து சாப்பிட்டார். குணமாகிவிட்டது என்று வைத்தியர்கள் சீட்டும் எழிதிக் கொடுத்தார்கள். ஆனாலும் தறியில் உட்கார்ந்து ஒரு முழம் நெய்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவர் தம் எக்ஸ்-ரே படத்தை எடுத்து வந்து, "ஸார், இதில் என் மூச்சு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார்.

வெகு நேரம் யோசித்தோம். அந்தப் படத்தில் மூச்சே இல்லை என்பதுதான் பதில். படம் எடுப்பவர் என்ன சொல்கிறார்? "மூச்சை இழுங்கள், அப்படியே நிறுத்துங்கள்!" மூச்சு நின்ற க்ஷணத்தில் எடுத்த படம் அது. நம் தாராசுரம் கோயில் மண்டபத்தில் தேரை இழுக்கும் கல் குதிரை பாய்வது போலவே இருக்கிறது. அதை அளந்து அதன் வேகத்தைச் சொல்ல முடியுமா?

அந்தப் படத்தை நாம் இகழவில்லை. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த க்ஷயரோகக் கணக்கெடுப்பில், எக்ஸ்-ரே எடுக்காதிருந்தால் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பிப் போயிருப்பார்கள் என்று கண்டார்கள். நோயைக் காட்ட அது வல்லது. சுவாசத்தைக் காட்டத்தான் வல்லதல்ல.

சுவாசத்தை அளக்க வேறு கருவி உண்டு. 1846-ல் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் வெளியிட்டது. குழாயில் ஊதினால் உள்ளே போய் வரும் காற்றின் அளவைச் சொல்லும். மிகவும் பிரயோஜனமான கருவி. ஆனால் அது தலைமதகில் நின்று தண்ணீரை அளப்பது போன்றது. கல்லணையில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கால் கடைமடைக் குடியானவனுக்கு ஆறுதல் ஏது? தன் வயலுக்கு வந்ததா என்பதல்லவா அவன் கேள்வி! நுரையீரலின் ஒரு பாகம் தழும்பேறிக் கிடந்தாலும் மற்றப் பாகங்கள் சேர்ந்து ஓரளவு ஈடு செய்துவிடும். மொத்தக் கணக்கில் அது மறைந்து போகும்.

கடைமடையைப் பார்க்க இப்போது இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஜப்பானில் கனஸாவா சர்வகலாசாலையார் வளர்த்தது. நோயாளி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே விநாடிக்குப் பதினைந்து படம் வீதம் எடுக்கிறார்கள். காற்று நிறைந்த இடத்தில் கதிர் எளிதில் ஊடுருவுவதால் படம் கறுக்கும். காற்று வெளியேறினால் வெளுக்கும். எந்த இடம் எவ்வளவு மாறுகிறதென்று கம்ப்யூட்டர் அளக்கிறது. மாறாத இடத்தில் காற்றுப் பாயவில்லை என்று சந்தேகிக்கலாம்.

மற்றொன்று நமக்கு இன்னும் பிடித்திருக்கிறது. வாய்க்காலில் வேப்பம்பூவைப் போட்டு அது ஓடும் வேகத்தைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அதே யுக்தி! ஓடும் நீரில் துகள்களைத் தூவி, அடுத்தடுத்துப் படம் பிடித்து வேகத்தைக் கணிப்பது என்ஜினீயர்கள் வழக்கம். மெல்போர்ன் மோனாஷ் சர்வகலாசாலையில் இருந்த ஆண்ட்ரியாஸ் ஃபூராஸ் என்பவர் அதை நுரையீரலுக்குக் கொண்டுவந்தார். இங்கே துகள் வேண்டியதில்லை. நுரையீரலின் இயற்கையான புள்ளிக் கோலமே போதும். பல கோணங்களில் எடுத்த படங்களில் அந்தக் கோலம் நகர்வதைக் கொண்டு ஒவ்வொரு பாகமும் எவ்வளவு விரிகிறது என்று கணக்கிடுகிறார்கள். 2020-ல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி அளித்தது.

அசையும் மார்பைப் பார்ப்பது அடியோடு புதிதுமல்ல. ராண்ட்ஜன் 1895-ல் இக்கதிரைக் கண்ட சில வருஷங்களுக்குள்ளேயே, பாஸ்டன் நகரத்து வில்லியம்ஸ் என்ற வைத்தியர் க்ஷயரோகிகளின் உதரவிதானம் ஒரு பக்கம் சரியாக இறங்காததைக் கதிர்த் திரையில் கண்ணால் பார்த்தார். 

நம் தேசத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டும் க்ஷயம் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆராய்ச்சி. அவ்வழியில் பிழைத்தவர்கள் அனந்தம். கிருமி போன பிறகு அவர்களுடைய நுரையீரலில் எத்தனை பங்கு வேலை செய்கிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டாமா? குணமான சீட்டு அதைச் சொல்வதில்லை.

புது யந்திரம் நாளைக்கே நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனையாவது முதலில் நடக்கட்டும் என்று நண்பரிடம் சொன்னோம். "ஊதினால் சோம்பலா வியாதியா என்று தெரிந்துவிடுமா, ஸார்?" என்று கேட்டார். பாதி தெரியும் என்றோம். வருகிற சனிக்கிழமை அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறோம். அவர் சம்சாரமும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.