தீயை அணைத்தவர்கள்

நம் காப்பியங்களில் தீக்குப் பஞ்சமில்லை. மதுரை எரிந்தது, இலங்கை எரிந்தது, காண்டவ வனமும் எரிந்தது. காண்டவத்தில் இந்திரன் மழை பொழிந்து தீயை அணைக்க முயல்கிறான். அம்மழையை அருச்சுனன் அம்புகளால் தடுத்துவிடுகிறான். எரித்தவரைப் பாடிய மரபு, அணைக்க வந்தவரை இடையூறாகவே கண்டது. தீயணைப்புத் துறைக்கு நாம் வரலாறு எழுதாததற்கும் இம்மனப்போக்குக்கும் தொடர்பு உண்டு என்றே கருதுகிறேன்.

சென்னையில் இத்துறை தோன்றியது 1908இல். தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்தது 1985இல். இடைப்பட்ட காலத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நினைவில் நிற்பவை விபத்துகள் மட்டுமே. 1997இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலை. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்றும் ஆணை, அக்குழந்தைகள் மாண்ட பிறகே வந்தது.

கணியம்பாடியை அடுத்த தோல் தொழில் வட்டாரத்துக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை, இங்கே ஆபத்து தீயாக மட்டும் வருவதில்லை. தோலின் முடியை நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அளவு மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். தொட்டிக்குள் மயங்கியவனைத் தூக்கச் சுவாசக் கருவியின்றி இறங்குபவனும் மடிவான். 2015 சனவரியில் இராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் இறந்தனர். துறையின் பெயரில் உள்ள ‘மீட்பு’ என்னும் சொல்லின் முழுப்பொருளை எங்கள் வட்டாரம் அறியும்.

சிற்றூர்களின் கோயில் வரலாறும் கோட்டை வரலாறும் ஆய்வேடுகளாகக் குவிகின்றன. ஒரு தீயணைப்பு நிலையத்தின் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் எழுதக் கூடாதா? ஓய்வுபெற்ற வீரர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம். இசைவு பெற்று நிலையப் பதிவேடுகளையும் பார்க்கலாம். வீரர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கிணற்றுக்கு, எந்தத் தொட்டிக்கு அவர்கள் மீண்டும் மீண்டும் போக நேர்ந்தது என்பது எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த முறை நேரும்போது அதனை விதி என்று சொல்லித் தப்பிக்க எவராலும் இயலாது.