ஆணை மயக்கி இழுக்கும் வாசனை!

ஆண் மானுக்கு ஒரு பருவம் உண்டு. அப்போது அது இரையை மறக்கும், பயத்தையும் மறக்கும். பெண் மானின் வாடை காற்றில் வந்தால் போதும், மூக்கை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும்.

அமெரிக்காவில் வெண்வால் மான்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் மாதம்தான் அந்தப் பருவம். வேட்டைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். பெண் மானின் சிறுநீரைப் புட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். (எதைத்தான் விற்கமாட்டார்கள்!) அதை வாங்கிப் புதரில் தெளித்துவிட்டு, ஆயுதத்துடன் மறைந்திருப்பார்கள்.

அந்தப் புட்டிக்கு இப்போது பல மாகாணங்களில் தடை. விர்ஜீனியா 2015-லும், வெர்மான்ட் 2016-லும் தடை போட்டன. மான்களுக்கு வரும் ஒரு மூளை நோயே காரணம். 1967-ல் கொலராடோவில் முதன்முதலில் தென்பட்டது. நோய் வந்த மான் எலும்பும் தோலுமாகி, தள்ளாடிச் சாகும். மருந்து கிடையாது. நோயைப் பரப்பும் பொருள் சிறுநீரிலும் வெளிவரும். மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாது. பண்ணை மானின் சிறுநீர் காட்டு மான்களுக்கு எமனாகிவிடுமோ என்று அரசுகள் அஞ்சின.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். புட்டிக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் அதே தந்திரம் நெல் வயலுக்கு உதவுகிறது!

நெல்லைக் காக்கும் பொறி

திருநின்றவூரைத் தாண்டியதும் வரும் ரயில் நிலையம் வேப்பம்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் விளைகிறது. மூன்றுக்கும் ஒரே எதிரி, குருத்துப்பூச்சி. இளம் பயிரில் புழு தண்டைக் குடைந்தால் நடுக்குருத்து காயும். கதிர் வரும் சமயம் குடைந்தால் கதிர் வெளுத்துப் பதராகும். புழு தண்டுக்குள் ஒளிந்திருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. காசுதான் கரையும்.

இந்தப் பூச்சியிலும் ஆண், பெண்ணின் வாசனையைத் தேடியே வரும். பூச்சிகளின் இந்த ரகசியத்தை 1959-ல் ஜெர்மன் விஞ்ஞானி பூட்டனான்ட் வெளியிட்டார். 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து அவருக்குக் கிடைத்த வாசனைப் பொருள் சில மில்லிகிராம்தான்! இன்று அத்தகைய வாசனையைச் செயற்கையாகவே செய்து, சிறு ரப்பர் துண்டில் ஏற்றி, புனல் போன்ற பொறியில் தொங்கவிடுகிறார்கள். மணந்து வரும் ஆண் பூச்சி பைக்குள் விழும். மருந்து வாடை இல்லை. தேனீக்கும் தவளைக்கும் கேடு இல்லை.

ஆனால் பொறி வைத்துவிட்டுத் தூங்க முடியாது. அதில் விழுவது ஆண் மட்டுமே. ஏற்கெனவே கூடிவிட்ட பெண் பூச்சி முட்டை இட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒரு வயலில் மட்டும் வைத்தால், பக்கத்து வயலிலிருந்து அது பறந்து வரும். வாசனையும் சில வாரங்களில் தீர்ந்துபோகும். துண்டை மாற்ற வேண்டும். ஆகையால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வைப்பதே லாபம்.

இன்னொரு வேலைக்குக் காசே வேண்டாம். பெண் பூச்சி இலை நுனியில்தான் முட்டை இடும். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டால், முட்டைகள் நாற்றோடு வயலுக்குப் போகா.