விண்ணப்பத்துக்கு ஒரு கெடு வேண்டும்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் மகாஜனங்களுக்கு, காவிரியின் இரு கரைகளிலும் வசிக்கும் பிரஜைகள் சிலர் வணக்கத்துடன் விடுக்கும் வேண்டுகோள்:

1866-ல் திருச்சியிலும் 1871-ல் ஸ்ரீரங்கத்திலும் ஏற்பட்ட நகரசபைகள், 1994-ல் பொன்மலையோடு சேர்ந்து ஒரே மாநகராட்சியாக ஐக்கியமான பின்னும், அதற்கப்புறம் இ-சேவை மையங்கள் வந்து மனுக்கள் கணினியில் ஏறத் தொடங்கிய பின்னும், கொடுத்த மனு என்றைக்கு முடிவாகும் என்ற கேள்விக்கு மட்டும் சட்டபூர்வமான விடை நமக்குக் கிடைத்தபாடில்லை. கணவனை இழந்த ஒரு பெண், வங்கியிலுள்ள சேமிப்பைப் பெற வாரிசுச் சான்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் இருவரின் அறிக்கைகளோடு தாசில்தாரிடம் போய்ச் சேரவேண்டிய அந்த மனு இடையில் எங்கே தங்கினாலும், அலைச்சலும் கடனும் அவளுக்கே அன்றித் தாமதத்துக்குக் காரணமானவருக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. ஆள்பற்றாக்குறைக்கிடையே உழைக்கும் குமாஸ்தாக்களை நாங்கள் நிந்திக்கவில்லை. நிர்வாகத்துக்குக் கெடு விதிக்காத ஏற்பாட்டையே ஆட்சேபிக்கிறோம்.

மத்தியப் பிரதேசம் 2010-ல் சேவை உத்தரவாதச் சட்டம் இயற்றி, காரணமின்றித் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் விதித்தது. கர்நாடகம் 2011-ல் இயற்றிய சட்டமோ, நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கே ஈடு தரச் செய்தது. கேரளமும் 2012-ல் சேவை உரிமைச் சட்டம் இயற்றியது. தொகை சொற்பமே, ஆயினும், தாமதத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டென்று சட்டம் அங்கீகரித்துவிட்டது, அதுவே பெரிது. தகவல் உரிமைக்கென மத்திய சட்டம் 2005-ல் பிறக்கும் முன்பே, 1997-ல் தனிச் சட்டம் செய்த தமிழ்நாடு, இதில் பின்தங்கி நிற்பது எவ்விதத்திலும் நியாயமன்று.

ஆகையால், தேதியும் எண்ணும் உள்ள ரசீதைப் பெறாமல் எந்த அலுவலகத்திலும் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மாநகராட்சியின் 65 வார்டுகளிலும் பகுதி சபை கூடும்போது, சேவை உரிமைச் சட்டம் இயற்றுமாறு சர்க்காரைக் கோரும் தீர்மானத்தை முன்மொழியுங்கள். ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மேற்குத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு நாங்கள் சமர்ப்பிக்கவிருக்கும் மகஜரில், உங்கள் கையெழுத்தோடு, உங்கள் மனு நிலுவையில் கிடக்கும் அலுவலகத்தையும் அதைக் கொடுத்த தேதியையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.