சாலையை அகலப்படுத்தினால் தூரம் குறையுமா?

கட்கியில் நான் ஆய்வுப் பணி செய்துவரும் சிறிய அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகள், ஒரு சுவிட்ச், ஓர் இணைய இணைப்பு உள்ளன. அங்கே மாணவர்களின் உதவித்தொகைப் பட்டியலைத் திறந்தால் திரை ஒரு நிமிடத்துக்கு மேல் உறைந்து நிற்கும். மூன்று மாதங்கள் உதவித்தொகை தாமதமாயிற்று. நிர்வாகம் செய்தவை இரண்டு: கணக்குப் பிரிவு அம்மையாருக்கு 'மெத்தனம்' என்று குறிப்பாணை அனுப்பியது, 50 மெகாபிட் இணைப்பை 300 ஆக உயர்த்தியது. திரை அப்போதும் அதே ஒரு நிமிடம்தான் உறைந்தது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் முன்னால் எவரும் எதையும் அளக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அளப்பதற்கு எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. முன்பு பக்கத்து அறையில் இருந்த தரவுத்தளம், சென்ற ஆண்டு சிங்கப்பூரிலுள்ள சர்வருக்கு மாற்றப்பட்டிருந்தது. பிங் செய்தால் ஒரு பாக்கெட் போய்வர 70 மில்லிநொடி, இழப்பு ஏதுமில்லை. வயர்ஷார்க்கில் பார்த்தபோது, பட்டியலை ஒருமுறை திறக்க அச்செயலி ஏறத்தாழ 900 வினவல்களை அனுப்புவது தெரிந்தது. ஒன்றுக்கு விடை வந்த பிறகே அடுத்தது புறப்படும். 900 முறை 70 மில்லிநொடி என்றால் 63 நொடி. பக்கத்து அறையில் சர்வர் இருந்தபோது ஒரு வினவலுக்கு அரை மில்லிநொடி; மொத்தமே அரை நொடிக்குள் முடிந்தது. அந்த 63 நொடியிலும் இணைப்பு பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

கட்கியிலிருந்து சிவாஜிநகர் சந்தைக்கு ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக லோக்கல் ரயிலில் போய்வருபவருக்கு, ரயிலில் பெட்டிகளைக் கூட்டி என்ன பயன்? கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 4000 கிலோமீட்டர். ஆகவே போய்வர 40 மில்லிநொடிக்குக் குறைய இயற்கை அனுமதிக்காது. எந்தக் கட்டணத் திட்டமும் அதை விலைக்கு வாங்கித் தராது.

இது புதிய பாடமன்று. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே, 400 கெஜத் தொலைவில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. வான் ஜேக்கப்சன் அகலமான கம்பி கேட்கவில்லை. பாக்கெட்டுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனித்தார். அனுப்பும் கணினியின் நடத்தையைத் திருத்தினார். 1988இல் வெளியான அவரது கட்டுரையின் வழிமுறைகள் இன்றைய இணையத்துக்கும் அடித்தளமாக இருக்கின்றன.

இணைப்பின் அகலம் ஒருபோதும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய கோப்புகள் ஓடி இணைப்பு நிரம்பி வழிந்தால் அகலம் வேண்டும். பாக்கெட்டுகள் தொலைந்தால் கம்பியையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். இரண்டுமின்றிச் செயலி மட்டும் தவழ்ந்தால், அது எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ண வேண்டும். நோய் எது என்று தெரிந்த பிறகே மருந்து.

எங்கள் செயலியில் அந்த 900 வினவல்களை மூன்றாகத் தொகுத்தோம். பட்டியல் இப்போது ஒரு நொடிக்குள் திறக்கிறது. செலவு ஏதுமில்லை. ஆனால் உயர்த்திய இணைப்புக்கு மாதந்தோறும் பணம் போகிறது. குறிப்பாணையும் திரும்பப் பெறப்படவில்லை.

அளவீடு இல்லாத ஆய்வேட்டை நாம் ஏற்பதில்லை. அளவீடு இல்லாத கொள்முதல் கோப்பில் மட்டும் எந்த மனச்சான்றோடு கையெழுத்திடுகிறோம்? அளக்காத குற்றத்தை, எதிர்த்துப் பேச இயலாத ஓர் எழுத்தரின் தலையில் எப்படிச் சுமத்துகிறோம்? இணைப்பின் தாமதத்தைவிட இந்தப் பழக்கமே நம் நிறுவனங்களை மெதுவாக்குகிறது. மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, எண்களோடு எழுதுக.